கல்கண்டுத் தண்ணி

போன வாரம் எங்கள் ஃபிளாட்டில் லிஃப்ட் ரிப்பேர். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த தம்பி மூன்று மாடி ஏறி வந்து, சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு, வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். “சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க” என்றார். நான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். சமையலறையிலிருந்து என் மகள் கேட்டாள்.

“எந்தத் தண்ணிப்பா?”

அவள் கேட்டது ஃப்ரிட்ஜ் தண்ணியா, சாதா தண்ணியா என்பதைத்தான். ஆனால் என் காதில் அது வேறு மாதிரி விழுந்தது. எங்கள் வீட்டில் போர் தண்ணீர் உண்டு, கார்ப்பரேஷன் தண்ணீர் உண்டு, கேன் தண்ணீர் உண்டு. எது குளிக்க, எது சமைக்க, எது குடிக்க என்று ஒரு டைம்டேபிளே இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். இன்று நம் எல்லோருக்கும் தண்ணீரைப் பார்த்தால் ஒரு சந்தேகம். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டில் அந்தச் சந்தேகம் இல்லை. இல்லாததால் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக யாரிடமும் சொல்லாத விஷயம் இது.

எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எட்டாம் வகுப்புக்கு விஞ்ஞானம் எடுப்பார். எங்கள் தெருவில் ‘வாத்தியார் வீட்டுக் கிணறு’ என்றால் அவ்வளவு பிரசித்தம். பக்கத்தில் இருந்த கிணறுகளில் எல்லாம் தண்ணீர் லேசாக உப்புக் கரிக்கும். எங்கள் கிணற்றில் மட்டும் இளநீர் மாதிரி இருக்கும். “கல்கண்டுத் தண்ணி” என்பார் என் அப்பாயி. அந்தத் தண்ணீரில் வெந்த பருப்பும், அதில் போட்ட காப்பியும் தனி ருசி என்று சொல்லிக்கொண்டு பத்து வீட்டுப் பெண்கள் கொல்லைக் கதவு வழியாக வந்து எடுத்துப் போவார்கள். ராட்டினம் ஓயாமல் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். அப்பாவுக்கு அந்தச் சத்தம் நாதஸ்வரம்!

மழைக்காலம் வந்தால் முனிசிபாலிடி ஆள் ஒருவர் ஒரு வாளியில் பிளீச்சிங் பவுடரோடு வருவார். ஒவ்வொரு கிணற்றிலும் கரைத்து ஊற்றிவிட்டுப் போவார். அப்பா அவரை வாசலிலேயே நிறுத்திவிடுவார். “எங்க கிணத்துக்கு வேணாம்ப்பா. ருசி கெட்டுடும். தண்ணி எப்படி இருக்குன்னு நீயே பாரு.” எட்டிப் பார்த்தால் அடியில் கிடக்கும் அஞ்சு பைசா தெரியும். அந்த ஆளும் ஒரு சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு, “ஆமாங்க, கண்ணாடி மாதிரி இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போவார்.

அப்பாவுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. அப்போதெல்லாம் எங்கள் தெருவில் எடுப்புக் கக்கூஸ்தான். கொல்லைச் சந்து வழியாக ஒரு அம்மா கூடையோடு வந்து அள்ளிக்கொண்டு போவார். மனுஷன் அள்ளுகிற கக்கூஸ் கட்டக் கூடாது என்று மத்திய அரசு சட்டம் போட்டது 1993-ல். என் அப்பா அதற்கு எட்டு வருஷம் முந்தி, 1985-லேயே அதை இடித்துவிட்டார். “ஒரு மனுஷன் கழிச்சதை இன்னொரு மனுஷன் தலையில சுமக்கிறதாவது” என்று சொல்லி, கையில் இருந்த சேமிப்பையெல்லாம் போட்டு, தண்ணீர் ஊற்றுகிற கக்கூஸ் கட்டினார். தெருவிலேயே முதல் ஆள். குழி தோண்டி சிமென்ட் உறை இறக்கினார்கள். அடியில் பூச்சு கிடையாது, மண்தான். அதை ‘செப்டிக் டேங்க்’ என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். குழியை எங்கே தோண்டுவது என்று கொத்தனார் கேட்டபோது, அப்பா தென்னை மரத்துக்குப் பக்கத்தில் கையைக் காட்டினார்.

கிணறும் அதே பக்கம்தான் இருந்தது. யாரும் அதை யோசிக்கவில்லை.

1986 ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. கிணறு நிரம்பி, ராட்டினமே வேண்டாம், குனிந்து மொண்டுவிடலாம் என்கிற அளவுக்கு மேலே வந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் ஒரே கொண்டாட்டம். அந்தச் சமயத்தில்தான் எதிர்வீட்டு அக்கா ஏழாம் மாச வளைகாப்பு முடிந்து பிறந்த வீட்டுக்கு வந்தார். ராமநாதபுரம் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். வந்த அன்றைக்கே எங்கள் கிணற்றடிக்கு வந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து மடமடவென்று குடித்துவிட்டு, “அங்க வாயில வைக்க முடியாத உப்புத் தண்ணி மாமா. இந்தத் தண்ணிக்காகவே வருஷா வருஷம் புள்ள பெத்துக்கலாம் போலிருக்கு” என்றார். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். என்னைக் கூப்பிட்டு, “அக்கா குடமெல்லாம் தூக்கக் கூடாது. டேய், நீ தினம் ஒரு குடம் கொண்டுபோய்க் குடு” என்றார்.

கொண்டுபோய்க் கொடுத்தேன். தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு குடம். அக்கா கையில் கடலை மிட்டாய் வைத்திருப்பார். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது.

கார்த்திகை கடைசியில் எனக்கு மஞ்சள் காமாலை வந்தது. தெருவில் இன்னும் நாலைந்து பேருக்கும் வந்தது. கீழாநெல்லி அரைத்து மோரில் கலந்து கொடுத்தார்கள். எண்ணெய் கூடாது, தாளிப்பு கூடாது. மூன்று வாரத்தில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். அப்பாயி கீழாநெல்லிக்கு ஒரு கும்பிடு போட்டார்.

மார்கழி பிறந்ததும் அக்காவுக்கு வந்தது. “எல்லாருக்கும் வந்துட்டுப் போறதுதானே” என்றார்கள். அவருக்கும் கீழாநெல்லி கொடுத்தார்கள். நாலாம் நாள் பேச்சு குழறியது. ஐந்தாம் நாள் ஆளை அடையாளம் தெரியவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அக்காவும் திரும்பி வரவில்லை, குழந்தையும் திரும்பி வரவில்லை.

தெருவில் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார்கள். வளைகாப்பு நாள் சரியில்லை என்றார்கள். ஒரு வாரம் கழித்து ஒரு சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்தார். வீடு வீடாகக் கேட்டுக்கொண்டே எங்கள் கொல்லைக்கும் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தார். தென்னை மரத்தடியைப் பார்த்தார். கிணற்றடியிலிருந்து குழி வரைக்கும் காலடி வைத்து அளந்துகொண்டே நடந்தார். எனக்கு இன்னும் அந்த நடை ஞாபகம் இருக்கிறது.

“இருபது அடி கூட இல்லையே சார். அம்பது அடியாவது தள்ளி இருக்கணும். நீங்களே வாத்தியார்...”

அப்பா ஒன்றும் பேசவில்லை. அவர் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றியதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் காலையில் எதிர்வீட்டு அத்தை வழக்கம்போலக் குடத்தோடு வந்தார். அப்பா கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தார். “இனிமே இங்க தண்ணி எடுக்க வேணாம்மா” என்றார். அத்தைக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் முகம் மாறியது. “எழவு வீடுன்னு சொல்றீங்களா வாத்தியாரே?” என்று கேட்டார்.

அப்பா அப்போது சொல்லியிருக்கலாம். ‘இல்லம்மா, தண்ணி கெட்டுப்போச்சு. என் கக்கூஸ் குழி கிணத்துல கலந்துடுச்சு’ என்று. ஒரே ஒரு வாக்கியம். அவர் சொல்லவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டார். அத்தை வெறும் குடத்தோடு திரும்பிப் போனார். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. பெண்ணைப் பறிகொடுத்த வீட்டுக்குத் தண்ணீர் தர மறுத்தவர் என்று தெருவே அப்பாவைப் பேசியது. அவர் அதையும் கேட்டுக்கொண்டார். உண்மையைச் சொல்வதைவிட, கல்நெஞ்சக்காரன் என்று பெயர் வாங்குவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

அந்த மாதமே குழியைத் தூர்த்துவிட்டு, வாசல் பக்கம் வேறு குழி கட்டினார். அடியிலும் பூச்சு வைத்து. வாரா வாரம் அவரே பிளீச்சிங் பவுடர் வாங்கி வந்து கிணற்றில் போடுவார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கொதிக்க வைத்த தண்ணீர்தான். குமிழ் விட்டுக் கொதிக்கிற வரை அடுப்புப் பக்கத்திலேயே நிற்பார். மருந்து நாற்றம் அடிக்கிறது என்று நாங்கள் மூக்கைச் சுளித்தால், “நாத்தம் இருந்தாத்தான் நல்லது” என்பார். அந்தக் கல்கண்டு ருசி அதோடு போயிற்று.

வருஷங்கள் ஓடின. 2005-ல் என் மனைவி உண்டாகியிருந்தபோது, டாக்டர் அம்மா முதல் நாளே கண்டிப்பாகச் சொன்னார்: “வெளியில எங்கேயும் தண்ணி குடிக்காதீங்க. கொதிக்க வெச்ச தண்ணிதான். ஹெபடைடிஸ் ஈ-ன்னு ஒரு காமாலை இருக்கு. மத்தவங்களுக்குத் தானா சரியாயிடும். மாசமா இருக்கிறவங்களுக்கு, அதுவும் கடைசி மூணு மாசத்துல வந்தா, உயிருக்கே ஆபத்து.”

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கை கால் சில்லிட்டுப்போனது. பத்தொன்பது வருஷத்துக்கு முந்திய ஒரு பித்தளைக் குடம் கண் முன்னால் வந்து நின்றது.

அன்றிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். 1955 கடைசியில் டெல்லியில் இப்படித்தான் நடந்திருக்கிறது. யமுனையில் வெள்ளம் வந்து வடிந்த பிறகு, ஊர்ச் சாக்கடை நீர் வஜிராபாத்தில் குடிநீர் எடுக்கிற இடத்தில் வந்து கலந்துவிட்டது. இருபத்தொன்பதாயிரம் பேருக்குக் காமாலை. ஆச்சரியம் என்னவென்றால், தண்ணீரில் குளோரின் போட்டிருந்தார்கள். அதனால் டைஃபாய்டோ, பேதியோ அந்த அளவுக்குப் பரவவில்லை. பாக்டீரியாவெல்லாம் செத்துப்போயின. வைரஸ் மட்டும் தப்பித்து வீடு வீடாகப் போய்விட்டது. செத்துப்போனவர்களில் கர்ப்பிணிகள் அதிகம்.

1978-ல் காஷ்மீரில் மறுபடியும் அதே மாதிரி ஒரு காமாலை. டாக்டர் முகமது சுல்தான் குரூ ஊர் ஊராகப் போய் ஆராய்ந்து, இது நமக்குத் தெரிந்த காமாலை இல்லை, வேறு ஒரு கிருமி என்று சொன்னார். 1983-ல் ரஷ்ய விஞ்ஞானி பலாயன் என்ன செய்தார் தெரியுமா? நோயாளிகளின் மலத்திலிருந்து எடுத்த கரைசலைத் தானே விழுங்கி, தனக்குக் காமாலையை வரவழைத்துக்கொண்டு, அந்த வைரஸை மைக்ராஸ்கோப்பில் பிடித்தார்! அதற்கு ‘ஈ’ என்ற எழுத்து நிலைத்தது அதற்கும் பல வருஷம் கழித்துத்தான். எங்கள் அக்கா இறந்தபோது, அவரைக் கொன்றதற்குச் சரியாக ஒரு பெயர்கூட இல்லை.

ருசி விஷயத்திலும் என் அப்பா தனி ஆள் இல்லை. 1854-ல் லண்டன் பிராட் ஸ்ட்ரீட்டில் காலரா வந்து அறுநூறு பேருக்கு மேல் செத்தார்கள். ஜான் ஸ்னோ என்கிற டாக்டர், காரணம் தெருமுனை அடிபம்புதான் என்று சொல்லி அதன் கைப்பிடியைக் கழற்ற வைத்தார். அந்தத் தெருவுக்குச் சம்பந்தமே இல்லாத தூரத்தில், ஹாம்ப்ஸ்டெட் என்ற இடத்தில் இருந்த ஒரு விதவை அம்மாவும் காலராவில் இறந்திருந்தார். எப்படி? அவர் முன்பு பிராட் ஸ்ட்ரீட்டில் குடியிருந்தவர். அந்த பம்பு தண்ணீரின் ருசி பிடித்துப்போய், தினமும் ஆள் வைத்து வண்டியில் வரவழைத்துக் குடித்திருக்கிறார். அந்தப் பம்புக்கு மூன்றடி பக்கத்தில் ஒரு மலக்குழி இருந்தது.

இதையெல்லாம் ஊருக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். ஈஸிசேரில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே இருந்தார். முடித்ததும் சொன்னார்: “எனக்குத் தெரியும்டா. பேருதான் தெரியாது.” கொஞ்ச நேரம் கழித்து, “அவங்ககிட்ட சொல்லியிருக்கணும்” என்றார். எதிர்வீடு இருபதடி தூரம்தான். 2011-ல் சாகிற வரைக்கும் அந்தத் தூரத்தை அவரால் நடக்க முடியவில்லை.

சரி, இதைப் படிக்கிற உங்களுக்கு உபயோகமாக நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறது, இனிக்கிறது என்பதெல்லாம் சுத்தத்துக்குச் சர்ட்டிபிகேட் இல்லை. ஆற்றில் புதுத் தண்ணீர் வரும்போது நம் பாட்டிமார்கள் பானையில் தேத்தாங்கொட்டை உரசிப் போடுவார்கள். கலங்கல் அடியில் படிந்து, தண்ணீர் தெளிந்துவிடும். அருமையான வைத்தியம்தான். ஆனால், தெளிவது வேறு, கிருமி சாவது வேறு. தெளிந்த பிறகும் கொதிக்க வைக்கத்தான் வேண்டும்.

தளதளவென்று குமிழ் விட்டு ஒரு நிமிஷம் கொதித்தால் போதும், கிருமிகள் போய்விடும். கால் மணி நேரம் கேஸை வீணாக்க வேண்டாம். ஆனால் ஆறினதும் மூடி வைக்க வேண்டும், கை படாமல் எடுக்க வேண்டும். கொதிக்க வைப்பதால் உப்போ, ஃபுளோரைடோ, சாயக் கழிவோ போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது இன்னும் கொஞ்சம் கெட்டியாகத்தான் ஆகும். அதற்கு ஆர்.ஓ. மாதிரி வேறு வழிதான்.

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு ஆர்.ஓ. வாங்காதீர்கள். முதலில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்பது நம் நாட்டுத் தர நிர்ணயம். அதற்குக் கீழே இருந்தால், உப்பை நீக்குவதற்காக ஆர்.ஓ. தேவையில்லை. அந்த மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் தருவதற்குப் பெரும்பாலும் அதைவிட அதிகமாகத் தண்ணீரை வெளியே தள்ளுகிறது. வாளி வைத்துப் பிடித்துத் தரை துடையுங்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை அடித்தால் முகம் சுளிக்காதீர்கள். வழியில் எங்காவது லேசாகக் கிருமி நுழைந்தாலும் சமாளிக்க ஒரு காவல்காரர் கூடவே வருகிறார் என்று அர்த்தம். கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் அந்தக் காவல்காரர் கிடையாது. பாத்திரம் அழுக்கென்றால் தண்ணீரும் அழுக்குதான். சொந்தக் கிணறு, போர் இருக்கிறவர்கள் ஒரு தடவை எழுந்து போய், கழிவுக் குழி எத்தனை அடியில் இருக்கிறது என்று காலடி வைத்து அளந்து பாருங்கள். பக்கத்து வீட்டுக் குழியையும் சேர்த்து.

போன வருஷம் வீட்டை விற்கிற விஷயமாக ஊருக்குப் போனேன். கிணற்றின் மேல் சிமென்ட் பலகை போட்டு மூடியிருக்கிறது. எதிர்வீட்டு அத்தைக்கு எண்பது தாண்டிவிட்டது. திண்ணையில் உட்கார்ந்திருந்தார். போய் நின்றேன். அடையாளம் தெரிந்துகொண்டு, “வாத்தியார் மகனா? உக்காரு தம்பி” என்றார். கொஞ்ச நேரம் அது இது பேசிவிட்டு, அவரே கேட்டார்.

“உங்கப்பா ஏன் தம்பி எனக்குத் தண்ணி இல்லேன்னாரு?”

சொன்னேன். குழி, கிணறு, மழை, இன்ஸ்பெக்டர், டாக்டர் அம்மா சொன்னது... எல்லாவற்றையும் சொன்னேன். அன்றைக்கு யாரும் அந்தத் தண்ணீரைச் சோதித்துப் பார்க்கவில்லை, அதனால் இதுதான் என்று சத்தியம் செய்ய முடியாது, ஆனால் எனக்குச் சந்தேகம் இல்லை என்றும் சொன்னேன். அத்தை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் கழித்துக் கேட்டார்.

“குடம் நீதானே கொண்டாருவே?”

“ஆமா அத்தை.”

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. என்னைத் திட்டவும் இல்லை, பரவாயில்லை என்று சொல்லவும் இல்லை. “அன்னிக்கே சொல்லியிருந்தா, சண்டை போட்டிருப்பேன். மண்ணை வாரித் தூத்தியிருப்பேன். ஆனா, அந்த வளைகாப்பை நான்தானே நாள் பாக்காம வெச்சேன்னு இத்தனை வருஷம் எம்மேலயே பழியப் போட்டுக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்” என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா மறைத்தது தன் தப்பை மட்டும் இல்லை. இந்த அம்மாவின் தலையில் இல்லாத ஒரு தப்பையும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறார். நானும்தான். 2005-லேயே எனக்குத் தெரியுமே! எத்தனை தீபாவளிக்கு ஊருக்குப் போய் வந்திருக்கிறேன்.

கிளம்பும்போது மருமகள் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். நான் ஒரு கணம் தயங்கியிருப்பேன் போலிருக்கிறது. அத்தை சொன்னார்: “குடி. கொதிக்க வெச்சதுதான்.”

குடித்தேன்.

கேஸ் கொண்டுவந்த தம்பிக்கு நாங்கள் குடிக்கிற தண்ணீரைத்தான் என் மகள் கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுப் போன பிறகு, அவளை உட்கார வைத்து இந்தக் கதையை முதல் தடவையாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “நம்ம ஃபிளாட் சம்ப்புக்கும் டிரெய்னேஜுக்கும் எவ்வளவு தூரம்ப்பா?”

எனக்குத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அசோசியேஷன் மீட்டிங். கேட்கப்போகிறேன். நாலு பேர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். உங்களுக்கும் உங்கள் தெருத் தண்ணீரைப் பற்றி ஏதாவது தெரிந்திருந்தால், தெரிந்த அன்றைக்கே பக்கத்து வீட்டில் சொல்லிவிடுங்கள். அப்புறம் சொல்லலாம் என்று வைத்தால், அந்த இருபதடியைக் கடப்பது ரொம்பக் கஷ்டம்.